நகராட்சி ஊர்திகளின் எரிபொருள் திறன்: அளவுகோலும் நடைமுறையும் – இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் நகரங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நகராட்சி ஊர்திகளின் எரிபொருள் திறனை 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்னும் ஒரே கணக்கால் மதிப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது. பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு இக்கணக்கு பெரிதும் பொருந்தும். வாசல்தோறும் நின்று குப்பை சேகரிக்கும் ஊர்திக்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை. சில சூழல்களில் வீண் ஓட்டத்தையே திறனாகக் காட்டிவிடவும் கூடும். சேகரிப்பு ஊர்திகளுக்கு 'ஒரு டன் குப்பைக்கு எத்தனை லிட்டர்' என்பதை முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அவ்வளவுகோலின் வழியே நின்றெரியும் எரிபொருள், வழித்தடம், கொட்டுமிடத் தொலைவு, பராமரிப்பு, மின்கல ஊர்தி ஆகியவற்றை இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற நடுத்தர நகரங்களின் சூழலில் வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எரிபொருள் திறன், நகராட்சி ஊர்திகள், திடக்கழிவு மேலாண்மை, வழித்தடத் திட்டமிடல், மின்கல ஊர்தி, பதிவேடு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என்னும் இரு நகரங்கள் அமைந்துள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராஜபாளையம் நகராட்சியில் ஏறத்தாழ 1,30,000 பேரும், திருவில்லிபுத்தூர் நகராட்சியில் ஏறத்தாழ 75,000 பேரும் வாழ்ந்தனர். முன்னது பஞ்சாலைகளின் நகரம். பின்னது ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த நகரம். இவற்றுக்கு வடக்கே வத்திராயிருப்புப் பேரூராட்சியும், சதுரகிரி மலைக்குச் செல்வோர் கடந்து போகும் மகாராஜபுரம் போன்ற ஊராட்சிகளும் உள்ளன. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என நிலை வேறுபட்டாலும், அன்றாடம் குப்பையை அகற்றும் கடமை எல்லாவற்றுக்கும் உண்டு. அக்கடமையை நிறைவேற்ற ஊர்திகள் தேவை. ஊர்திகளுக்கு எரிபொருள் தேவை.

சிறிய உள்ளாட்சி அமைப்புகளின் வருவாய் பெரும்பாலும் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், அரசு மானியம் ஆகியவற்றைச் சார்ந்தது. அதில் ஊதியமும் மின்கட்டணமும் போக எஞ்சும் தொகையில்தான் தெருவிளக்கு, வடிகால், சாலை ஆகியவற்றின் பராமரிப்பு நடைபெற வேண்டும். டீசலுக்குச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் அத்தொகையைக் குறைக்கிறது. மேலும் டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அப்புகையை மிக அருகிலிருந்து நாள்தோறும் சுவாசிப்பவர்கள் ஊர்தியின் பின்னால் நடந்துவரும் தூய்மைப் பணியாளர்களே. ஆகவே எரிபொருள் திறன் வரவு செலவுச் சிக்கல் மட்டுமன்று. உழைப்பவரின் உடல்நலச் சிக்கலும் ஆகும்.

திறனும் சிக்கனமும்

பேச்சு வழக்கிலும் அலுவலக வழக்கிலும் 'எரிபொருள் சிக்கனம்', 'எரிபொருள் திறன்' என்னும் இரண்டும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. இவற்றை வேறுபடுத்திக் காண்பது நலம். சிக்கனம் என்பது செலவைக் குறைப்பது. ஓர் ஊர்தியை ஒரு நாள் எடுக்காமல் நிறுத்திவைத்தாலும் அது சிக்கனமே. ஆனால் அன்று தெருவில் குப்பை தேங்கும். திறன் என்பது செய்ய வேண்டிய பணியைக் குறைவின்றிச் செய்து, அதற்கான செலவைக் குறைப்பது. ஆகவே திறனை அளக்க வேண்டுமானால் எரிபொருளின் அளவோடு பணியின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். பணி என்று எதைக் கொள்வது என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

பேருந்துப் பணிமனை தரும் பாடம்

எரிபொருள் திறனைப் பற்றி அறியத் தமிழ்நாட்டில் மிக அண்மையில் கிடைக்கும் முன்மாதிரி அரசுப் போக்குவரத்துக் கழகமாகும். இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பணிமனைகள் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்தின் கீழ் இயங்குகின்றன. பணிமனைகளில் ஒவ்வொரு பேருந்தும் ஓடிய தொலைவும் அதற்கு நிரப்பப்பட்ட டீசலும் நாள்தோறும் பதிவு செய்யப்படுகின்றன. அதிலிருந்து பேருந்து வாரியாகவும் ஓட்டுநர் வாரியாகவும் லிட்டருக்கான கிலோமீட்டர் கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டின் புறநகர்ப் பேருந்துகள் லிட்டருக்கு 5 கி.மீ.க்கு மேல் ஓடுகின்றன. நெரிசல் மிகுந்த சென்னை மாநகரப் பேருந்துகளில் இவ்வளவு குறைகிறது. ஓடும் சூழல் மாறும்போது அளவும் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

பணிமனை தரும் முதற்பாடம், நாள்தோறும் அளப்பது. அளக்காத ஒன்றைத் திருத்த இயலாது. இரண்டாம் பாடம் எச்சரிக்கை சார்ந்தது. ஓட்டுநர் ஒருவரின் அளவு குறைந்தால் அதற்கு அவரது ஓட்டும் முறை காரணமாகலாம். தேய்ந்த கிளட்சும், காற்றுக் குறைந்த டயரும், பழுதான சாலையும் காரணமாகலாம். காரணத்தைப் பிரித்தறியாமல் எண்ணை மட்டும் காட்டி ஓட்டுநரைக் கண்டித்தால், அளவீடு என்பது திருத்தும் கருவியாக இராது, அச்சுறுத்தும் கருவியாகிவிடும்.

கிலோமீட்டர் கணக்கின் குறைபாடு

பேருந்தின் பணி தொலைவைக் கடப்பது. எனவே லிட்டருக்கான கிலோமீட்டர் அதன் பணியை ஓரளவு சரியாகவே அளக்கிறது. குப்பை ஊர்தியின் பணி தொலைவைக் கடப்பதன்று. குப்பையைச் சேர்த்து உரிய இடத்தில் ஒப்படைப்பது. அதற்குத் தொலைவு ஒரு செலவே தவிரப் பயன் அன்று. இவ்வேறுபாட்டை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

'அ' என்னும் ஊர்தி ஒரு மாதத்தில் 1,200 கி.மீ. ஓடி 150 லிட்டர் டீசல் செலவிட்டு 60 டன் குப்பையைச் சேகரிக்கிறது எனக் கொள்வோம். 'ஆ' என்னும் ஊர்தி 700 கி.மீ. ஓடி 100 லிட்டர் செலவிட்டு அதே 60 டன்னைச் சேகரிக்கிறது. முதல் ஊர்தி லிட்டருக்கு 8 கி.மீ. தருகிறது, இரண்டாவது 7 கி.மீ. மட்டுமே தருகிறது. கிலோமீட்டர் கணக்கின்படி 'அ' சிறந்த ஊர்தி. 'ஆ'வின் ஓட்டுநர் விளக்கம் அளிக்க வேண்டியவர். ஆனால் ஒரு டன்னுக்கு 'அ' செலவிட்டது 2.5 லிட்டர், 'ஆ' செலவிட்டது ஏறத்தாழ 1.67 லிட்டர். ஒரே பணிக்கு நகராட்சி 'அ' ஊர்தியில் 50 லிட்டரைக் கூடுதலாக இழந்திருக்கிறது.

'அ'வின் அளவு உயர்ந்து தோன்றுவதற்குக் காரணம், அது நெடுஞ்சாலையில் வெறுமையாக நெடுந்தொலைவு ஓடியதாக இருக்கலாம். காலி ஊர்தி, தடையற்ற சாலை, சீரான வேகம் ஆகிய மூன்றும் லிட்டருக்கான கிலோமீட்டரை உயர்த்தும். இவ்வாறு வீண் ஓட்டம் கூடக்கூடத் திறன் கூடுவதுபோல் கணக்கு காட்டும். இவ்வளவுகோலைக் கொண்டு ஓட்டுநரை மதிப்பிட்டால், நின்று நின்று செல்ல வேண்டிய குறுகிய சந்துகளைத் தவிர்க்க அதுவே தூண்டுதலாகவும் அமையும். அத்தகைய சந்துகளில் வாழ்வோர் பெரும்பாலும் எளிய மக்கள். ஓர் அளவுகோலின் பிழை இறுதியில் அவர்கள் வாசலில் குப்பையாகத் தேங்கும்.

எவ்வூர்தியை முதலில் கவனிப்பது?

லிட்டருக்கான கிலோமீட்டர் என்னும் அலகுக்கு மற்றொரு மயக்கமும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் ஆகியோர் 2008இல் 'சயின்ஸ்' இதழில் இதனை விளக்கினர். தொலைவை மேலேயும் எரிபொருளைக் கீழேயும் வைக்கும் அலகு, சேமிப்பைப் பற்றிப் பிழையான எண்ணத்தை உண்டாக்குகிறது என்பது அவர்களின் முடிவு.

சிறிய சரக்கு ஊர்தி ஒன்றை லிட்டருக்கு 10 கி.மீ.யிலிருந்து 12 கி.மீ.க்கு உயர்த்துவதும், பெரிய டிப்பர் லாரி ஒன்றை 4 கி.மீ.யிலிருந்து 5 கி.மீ.க்கு உயர்த்துவதும் எதிரெதிரே நின்றால், முதலாவதே பெரிய முன்னேற்றமாகத் தோன்றும். இரண்டும் 1,000 கி.மீ. ஓடினால் நிலைமை வேறு. சிறிய ஊர்தியின் செலவு 100 லிட்டரிலிருந்து ஏறத்தாழ 83 லிட்டராகக் குறையும். சேமிப்பு 17 லிட்டர். லாரியின் செலவு 250 லிட்டரிலிருந்து 200 லிட்டராகக் குறையும். சேமிப்பு 50 லிட்டர். எனவே குறைந்த நிதியும் ஒரே பழுதுநீக்குநரும் உள்ள நகராட்சி முதலில் கவனிக்க வேண்டியவை டிப்பர் லாரி, குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர், கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தி போன்ற கனரக ஊர்திகளே. பதிவேட்டில் '100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர்' என்று எழுதும் சிறு மாற்றமே இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கிவிடும்.

நின்றபடி எரியும் எரிபொருள்

வீடுவீடாகச் சேகரிக்கும் ஊர்தி தன் பணிநேரத்தின் பெரும்பகுதியை நின்றும் ஊர்ந்துமே கழிக்கிறது. ஒலிபெருக்கி பாட, இல்லத்தார் வாளியுடன் வரும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. இரயில்வே கடவுகளிலும், கொட்டுமிடத்தின் வரிசையிலும் இதுவே நிகழ்கிறது. இந்நேரத்தில் தொலைவு கூடுவதில்லை. டீசல் மட்டும் குறைகிறது.

சிறிய டீசல் ஊர்தி நின்ற நிலையில் மணிக்கு அரை லிட்டர் எரிப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் இவ்வாறு கழிந்தால் ஓர் ஊர்திக்கு ஒரு லிட்டர். பத்து ஊர்திகள் முப்பது நாளும் இயங்கினால் மாதம் 300 லிட்டர். ஆண்டுக்கு 3,600 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அக்கணக்கில் இது 9 டன்னுக்கும் மேற்பட்ட வாயு.

எல்லா நிறுத்தத்தையும் வீண் என்று கூறிவிட முடியாது. காம்பாக்டரின் அழுத்தியும் டிப்பரின் தூக்கியும் எஞ்சினின் ஆற்றலால் இயங்குபவை. அவற்றுக்கு எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். அதனால்தான் பணிக்குரிய நிறுத்தம், பணிக்குப் புறம்பான நிறுத்தம் எனப் பிரித்துப் பதிய வேண்டும். நியூயார்க் நகரம் ஊர்திகள் நின்றபடி எஞ்சினை ஓட்டும் நேரத்தைச் சட்டத்தால் மூன்று நிமிடமாகவும், பள்ளிகளின் அருகே ஒரு நிமிடமாகவும் வரையறுத்திருக்கிறது. ஏற்றி இறக்கும் கருவிகளை இயக்கும் நேரத்துக்கு விலக்கும் அளிக்கிறது. நம் நகரங்களில் இதற்குச் சட்டத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட தெருவுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் ஊர்தி வருமானால் இல்லத்தார் காத்திருப்பர். ஊர்தி காத்திருக்க வேண்டியதில்லை. நேரந்தவறாமையே இங்கு எரிபொருள் சேமிப்பாகிறது.

பாரத் ஸ்டேஜ் 6 மாசு நெறிமுறை 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் இதன் தேவை கூடியுள்ளது. புதிய டீசல் ஊர்திகளில் பெரும்பாலானவற்றில் புகையிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. ஊர்தி நீண்டநேரம் நின்றும் ஊர்ந்தும் இயங்கினால் வடிகட்டியில் கரித்துகள் விரைவில் நிறையும். அதை எரித்து நீக்கவே கூடுதல் எரிபொருள் செலவாகும்.

தெருவும் தேரோட்டமும்: வழித்தடக் கணிதம்

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலையிலிருந்து புறப்பட்டு, இரத வீதிகளை வலம் வந்து, சென்ற வீதியில் மீண்டும் செல்லாமல் நிலைக்கே திரும்புகிறது. வழித்தடத் திட்டமிடலின் அடிப்படைக் கணிதம் இக்காட்சியிலேயே அடங்கியுள்ளது. ஒவ்வொரு தெருவையும் ஒரே முறை கடந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப இயலுமா என்னும் வினாவைக் கணித அறிஞர் ஆய்லர் 1736இல் கோனிக்ஸ்பர்க் நகரின் பாலங்களை வைத்து ஆராய்ந்தார். ஒவ்வொரு சந்திப்பிலும் கூடும் தெருக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் மட்டுமே அது இயலும். தேரின் வழியை மட்டும் தனித்து நோக்கினால், ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வீதிகளே கூடுகின்றன. தேர் தடையின்றி நிலை சேர்கிறது.

நகரின் எஞ்சிய பகுதி அவ்வாறு அமைவதில்லை. மூன்று தெருக்கள் கூடும் முச்சந்தியும், ஒரே வழியுடைய முட்டுச்சந்தும் ஒற்றைப்படைச் சந்திப்புகள். அங்கெல்லாம் ஊர்தி ஏதேனும் ஒரு தெருவில் மீண்டும் வெறுமையாகச் செல்ல நேரிடும். அந்த மீள் ஓட்டத்தின் மொத்தத் தொலைவை எவ்வாறு மிகக் குறைவாக்குவது என்பதைச் சீனக் கணித அறிஞர் குவான் மெய்-கோ 1960இல் வகுத்துரைத்தார். அஞ்சற்காரர் தம் சுற்றை முடிக்கும் வழியாக அதை அவர் விளக்கியதால், அது 'சீன அஞ்சற்காரர் சிக்கல்' எனப் பெயர் பெற்றது. வாசல்தோறும் குப்பை சேகரிக்கும் பணியும் இதே சிக்கலே.

நடைமுறையில் இதற்குக் கணினி இன்றியமையாதது அன்று. வார்டின் தெரு வரைபடம் ஒன்றில் ஒற்றைப்படைச் சந்திப்புகளைக் குறித்து, அருகருகே உள்ளவற்றை இணையிணையாகச் சேர்த்தால், மீள் ஓட்டம் எங்கே தவிர்க்க முடியாதது, எங்கே வழக்கத்தால் மட்டும் நிகழ்கிறது என்பது புலப்படும். முட்டுச்சந்துகளுக்குள் ஊர்தியைப் பின்னோக்கிச் செலுத்துவதைவிட, சந்தின் வாயிலில் எஞ்சினை அணைத்து நிறுத்தி, தள்ளுவண்டியால் சேகரிப்பது எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். இத்திட்டத்தைத் தெருக்களை அறிந்த ஓட்டுநரும் தூய்மைப் பணியாளரும் உடனிருந்து வகுக்க வேண்டும். எந்தத் தெருவில் காலையில் பள்ளி ஊர்திகள் அடைக்கும், எங்கே சந்தை கூடும் என்பன அவர்கள் அறிந்தவை, வரைபடம் அறியாதவை.

குப்பையின் தொலைவைக் குறைத்தல்

ஊர்தியைத் திருத்துவதைவிட, அது ஏற்றிச் செல்லும் சுமையையும் செல்லும் தொலைவையும் குறைப்பது பெரும்பயன் தரும். நம் நகரங்களின் குப்பையில் பெரும்பங்கு ஈரமான மட்கும் கழிவாகும். அதன் எடையில் மிகுதி நீரே. அந்நீரை நகருக்கு வெளியே சுமந்து சென்று கொட்டுவதற்கே டீசலின் ஒரு பகுதி செலவாகிறது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வழங்குவதைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டின் நகராட்சிகளில் நுண் உரமாக்கும் மையங்கள் வார்டுகளின் அருகிலேயே அமைக்கப்பட்டன. மட்கும் கழிவு அங்கேயே உரமானால், கனரக ஊர்தி வெளியே கொண்டு செல்ல வேண்டியது எஞ்சிய சிறு பகுதியே. ஆனால் இல்லத்தில் பிரிக்கப்படாத குப்பை மையத்துக்குப் பயன்படாது. அது மீண்டும் லாரியேறும். ஆக, ஓர் இல்லத்தின் சமையலறையில் இரண்டு வாளிகள் இருப்பது நகராட்சியின் டீசல் செலவோடு நேரடித் தொடர்புடையது. பெருநகரங்கள் மேலும் ஒரு படி செல்லக்கூடும். இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாண்டு ஊர்திகளுக்கான எரிவாயு தயாரிக்கும் திறனுடையது. சிறு நகரங்களுக்கு அத்தகைய ஆலை பொருந்தாது; வார்டு அளவிலான உரமாக்கலே அவற்றுக்கு ஏற்றது.

பராமரிப்பும் பழைய ஊர்திகளும்

புறநானூற்றின் 102ஆம் பாடல், உமணரின் உப்பு வண்டியில் முன்னெச்சரிக்கையாகக் கட்டப்படும் சேம அச்சைக் குறிப்பிடுகிறது. வண்டி முறிந்தபின் வருந்துவதைவிட முன்னரே காப்பது நன்று என்னும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. டயரின் காற்றழுத்தம், காற்று வடிகட்டியின் தூய்மை, பிரேக் உராய்வு, எரிபொருள் தெளிப்பான், எண்ணெய் மாற்றம் ஆகிய ஐந்தையும் குறித்த நாளில் கவனிப்பது எரிபொருள் இழப்பைத் தடுக்கும். இவற்றுள் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க ஏறத்தாழச் செலவே இல்லை. 1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. உள்ளாட்சி அமைப்புகள் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பழைய ஊர்திகளைப் பொறுத்தவரை ஒன்றிய அரசின் 2023 ஜனவரி அறிவிக்கை, 15 ஆண்டு கடந்த அரசு ஊர்திகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படாது எனக் கூறியது. நகராட்சி, ஊராட்சி ஊர்திகளும் இதில் அடங்கும். இவ்விதி ஒரு வாய்ப்பையும் தருகிறது. கழிக்கப்படும் ஊர்திக்கு ஈடாக அதே அளவுள்ள ஊர்தியை வாங்காமல், அப்பணிக்கு எந்த அளவுள்ள ஊர்தி தேவை என்று மறுபடி எண்ணிப் பார்க்கலாம். அரைச் சுமையோடு ஓடும் பெரிய லாரியும், இருமுறை ஓடும் சிறிய ஊர்தியும் ஒரே அளவு தவறானவை.

மின்கல ஊர்திகள்

தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் வீடுவீடாகச் சேகரிக்க மின்கல ஊர்திகள் பயன்பாட்டில் உள்ளன. நின்று நின்று செல்லும் பணிக்கு இவை மிகப் பொருத்தமானவை. நிற்கும்போது மோட்டார் ஆற்றலைச் செலவிடுவதில்லை, புகையும் இல்லை. பேருந்துத் துறையிலும் மாற்றம் தொடங்கியுள்ளது. சென்னை மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகளைத் தொடங்கியது.

எனினும் மின்கல ஊர்தியின் திறன் மின்கலத்தின் நலத்தைப் பொறுத்தது. முழுமையாகத் தீரும்வரை ஓட்டுதல், அளவுக்கு மீறிய சுமை, ஒழுங்கற்ற மின்னேற்றம் ஆகியன அதன் ஆயுளைக் குறைக்கும். மின்கலம் மாற்றுவதற்கான தொகையை ஊர்தி வாங்கும் ஆண்டிலேயே திட்டமிட்டு ஒதுக்காவிடில், சில ஆண்டுகளில் ஊர்தி வளாகத்தில் முடங்கும். அதன் பணி மீண்டும் டீசல் ஊர்தியின் மேல் விழும்.

பதிவேடு: என்ன எழுத வேண்டும்?

மேற்கூறிய யாவும் ஒரு நல்ல பதிவேட்டில் தொடங்குகின்றன. நாள்தோறும் ஒவ்வோர் ஊர்திக்கும் தொடக்க, முடிவுத் தொலைவு, நிரப்பிய டீசல், எடைமேடையில் பதிந்த குப்பையின் எடை, பணிக்குப் புறம்பாக எஞ்சின் ஓடிய நேரம், தவறிய தெருக்கள் ஆகிய ஐந்தும் போதும். தொலைவுமானி பழுதானால் அதைச் சரிசெய்வதே முதற்பணி; உத்தேசமாக எழுதப்படும் தொலைவால் பயனில்லை. தவறிய தெருக்களைப் பதிவது இன்றியமையாதது. அது இல்லாவிடில் சேவையைக் குறைத்தே லிட்டரைக் குறைத்துவிட முடியும்.

ஒப்பீட்டிலும் கவனம் வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக்குச் செல்லும் கூட்டத்தால் மகாராஜபுரம், தாணிப்பாறைப் பகுதியிலும், ஆடிப்பூரத்தால் திருவில்லிபுத்தூரிலும் குப்பை பெருகும். ஆகவே ஓர் ஆடி மாதத்தை முந்தைய ஆடி மாதத்தோடு ஒப்பிட வேண்டும். பங்குனியோடு ஒப்பிடுவது முறையாகாது. அதுபோல் ஓர் ஊர்தியை அதன் கடந்தகால அளவோடு ஒப்பிடுவது, வேறு வார்டில் ஓடும் வேறோர் ஊர்தியோடு ஒப்பிடுவதைவிடப் பயன் தரும்.

முடிவுரை

சேகரிப்பு ஊர்திகளின் எரிபொருள் திறனை லிட்டருக்கான கிலோமீட்டரால் மட்டும் அளப்பது பொருந்தாது என்பதும், ஒரு டன்னுக்கான லிட்டரே அவற்றின் பணியை உள்ளவாறு காட்டும் என்பதும் இக்கட்டுரையால் விளக்கப்பட்டன. அவ்வளவுகோலை ஏற்கும்போது கவனம் ஓட்டுநரின் காலிலிருந்து விலகி, தெருவின் அமைப்பு, நேர ஒழுங்கு, கொட்டுமிடத்தின் தொலைவு, குப்பையைப் பிரிக்கும் பழக்கம், பராமரிப்பு நிதி ஆகியவற்றின்மேல் செல்கிறது. இவற்றுள் ஓட்டுநரின் கையில் இருப்பது சிறு பகுதியே. பெரும்பகுதி நிருவாகத்தின் முடிவையும் குடிமக்களின் ஒத்துழைப்பையும் சார்ந்தது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற அண்மை நகரங்கள் ஒரே வகைப் பதிவேட்டைப் பின்பற்றினால், பழுதுநீக்கும் அறிவையும் வழித்தட அனுபவத்தையும் தமக்குள் பகிர்ந்துகொள்ள இயலும். உள்ளூர்க் கல்லூரிகளின் கணிதம், பொருளியல், தமிழ்த் துறைகள் ஒரு வார்டைத் தேர்ந்து ஓராண்டு தரவைத் திரட்டினால், இக்கட்டுரையில் கற்பனைக் கணக்காகக் கூறப்பட்டவற்றை மெய்யான எண்களால் சோதிக்கலாம். ஒரு வார்டு, ஓர் ஊர்தி, ஒரு பதிவேடு என்ற அளவிலேயே அம்முயற்சியைத் தொடங்க முடியும்.